மூன்று மாவட்டம் பார்த்த வலை அலமாரி



வண்டி நிறுத்துமிடத்தில் கிடக்கும் பழைய சாமான்களை மாத முடிவுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று நம் சங்கம் ஒட்டிய அறிவிப்பை எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்தக் குவியலில் பச்சை பெயின்ட் உரிந்து, வலை கிழிந்து, ஒரு கால் ஆடிக்கொண்டிருந்த அலமாரி ஒன்று இருந்தது. அது என்னுடையதுதான். இரண்டு வருடம் இடத்தை அடைத்துக்கொண்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது அது எங்கள் சமையலறையில் நிற்கிறது. மொத்தச் செலவு 3,150 ரூபாய். கணக்கைக் கடைசியில் தருகிறேன். செலவைவிட அந்த அலமாரி வந்த வழி பெரியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூர் மார்க்கெட்டிலிருந்து திருத்தணிக்கு

என் தாத்தா 1938-ல் இதைச் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமானாகவே வாங்கினார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் திறந்தார்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரை வைத்தார்கள். பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரம், நாற்காலி, கட்டில் என்று கைமாறிய சாமான் எதுவும் அங்கே கிடைக்கும். புதிதாக வாங்க வசதி இல்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுதான் பர்னிச்சர் கடை. 1985 மே மாதம் தீப்பிடித்து அழிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அரக்கோணம், திருத்தணி வண்டிகளைப் பிடிக்க நாம் போகும் இடம்தான் அது.

அப்போது திருத்தணி சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு நாமும் போனோம். 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. மங்கலங்கிழார், ம.பொ. சிவஞானம் போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் செய்த சமரசத்துக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்த்தார்கள். 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது.

ஆக, எங்கள் அலமாரி சமையலறை மூலையை விட்டு ஓர் அடிகூட நகராமல் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. அதன் மேல்தட்டில் சுவரொட்டியாக ஒட்டியிருந்த பழைய தாள்களை ஈரப்படுத்தி உரித்தபோது, ஓர் அடுக்கில் தெலுங்கு, அதற்கு மேல் அடுக்கில் தமிழ் வந்தது. எங்கள் அம்மா இரண்டு மொழியிலும் பால்காரரிடம் சண்டை போடக்கூடியவர்.

வலை அலமாரி எதற்கு?

இளைய தலைமுறைக்காக ஒரு விளக்கம். ஃபிரிட்ஜ் வருவதற்கு முன், காய்ச்சிய பாலையும் மீந்த குழம்பையும் எங்கே வைப்பது? பூனை, ஈ, எறும்பு மூன்றும் காத்திருக்கும். அதற்கு நம் முன்னோர் கண்ட முதல் வழி உறி. அடுத்த வழி இந்த வலை அலமாரி. மூன்று பக்கமும் கதவும் மெல்லிய கம்பி வலை. காற்று போய்வரும், ஈ நுழையாது. நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய நான்கு கிண்ணங்களில் நிறுத்துவார்கள்; எறும்பு ஏறாது. ஆங்கிலேயர் வீடுகளில் இறைச்சி வைத்ததால் இதற்கு மீட் சேஃப் என்று பெயர். முட்டைகூட நுழையாத எங்கள் வீட்டிலும் தாத்தா அதை மீட்சேப் என்றுதான் சொல்வார். பொருள் தெரிந்திருந்தால் பாட்டி வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

1958-ல் கோத்ரெஜ் இந்தியாவில் ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. வந்த அன்றே வலை அலமாரிக்கு ஓய்வு. பிறகு அது செய்தித்தாள், காலி பாட்டில், கார்த்திகை அகல் என்று கண்டதையும் சுமந்தது.

சமையலறை எழுந்து நின்ற கதை

நம் வீடுகளில் சமையல் தரையில் நடந்த வேலை. அரிவாள்மனை, அம்மி, ஆட்டுக்கல், உட்காரும் பலகை எல்லாமே தரையோடு தரை. சாமான் மேலே ஏறியதெல்லாம் உறியிலும் சுவர் மாடத்திலும்தான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், பிறகு கேஸ் அடுப்பும் வந்த பின்னர்தான் மேடை வந்தது. மேடை வந்ததும் அதன் கீழும் மேலும் அலமாரி தேவைப்பட்டது.

இன்று நம் குடியிருப்பில் பலர் லட்சக்கணக்கில் செலவழித்துப் போடும் மாடுலர் கிச்சனுக்கு மூதாதை ஜெர்மனியில் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டினார்கள். அவற்றுக்காக 1926-ல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் இரண்டு படுக்கையறை வீடுகளின் சமையலறை அளவுதான். நடை குறைய வேண்டும், வேலை செய்பவரின் நேரம் மிஞ்ச வேண்டும் என்பது நோக்கம். அரிசி, பருப்புக்கு அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் புழு வைக்காத ஓக் மர இழுப்பறை. ஈ உட்காராது என்று நம்பி நீலப்பச்சை நிறம் அடித்தார்கள். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். வசதி உள்ளவர்களுக்கான அலங்காரமாக அது பிறக்கவில்லை. குறைந்த வாடகை வீட்டில் குறைந்த செலவில் அடங்கும்படி வரைந்தது.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து இன்னும் ஒரு படி போனது. மரம் தட்டுப்பாடானதும் 1942-ல் பர்னிச்சருக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அரசு ஒப்புக்கொண்ட எளிய வடிவங்களில் மட்டும் செய்யலாம். அதையும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் குண்டுவீச்சில் வீடு இழந்தவர்களும்தான் வாங்கலாம். மற்றவர்கள் இருப்பதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழையதைப் புதுப்பிப்பது கஞ்சத்தனம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தேய்மானம் சொல்லாத மதிப்பு

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தபோது குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் கணக்கிடச் சொல்லிக்கொடுத்தார்கள். 1,000 ரூபாய் மர அலமாரிக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்தால், பத்து வருடத்தில் புத்தக மதிப்பு 349 ரூபாய். ஐம்பது வருடத்தில் 5 ரூபாய் 15 காசு. பூஜ்யம் மட்டும் ஆகவே ஆகாது.

1984-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணினி நுழைவதற்கு வழி வகுத்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் ஒவ்வொரு கிளையாக லெட்ஜர்கள் போயின. லெட்ஜர் போனால் லெட்ஜர் ரேக்குக்கு என்ன வேலை? நான் இருந்த கிளையில் ஆள் உயர ரேக்குகள் ஆறு. ஏலப் பட்டியல் தயாரித்தவன் நான். புத்தக மதிப்பைப் பார்த்து மனநிறைவோடு எழுதினேன். விறகு விலைக்குப் போயின. வண்டியில் ஏற்றும்போது ஒன்றின் முனை சுவரில் உரசிப் பெயின்ட் உரிந்தது. உள்ளே தேன் நிறத்தில் தேக்கு பளபளத்தது. அதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடமாக அது உறுத்துகிறது.

அந்தத் தேக்கின் விலை ஏன் இன்று நமக்கு எட்டவில்லை என்பதற்கும் வரலாறு உண்டு. போருக்கு முன் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு சென்னைக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் அப்படி வந்தவைதான். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் வரத்து நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் காடுகளுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கோதவர்மன் வழக்கு உத்தரவு மரம் வெட்டுவதை இறுக்கியது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்தியது. இன்று காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால், இடித்த வீடுகளின் கதவும் நிலையும் பெட்டியும் கடை கடையாக விற்பதைப் பார்க்கலாம். நாம் எடைக்குப் போடுவதை அங்கே மற்றவர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள்.

நான் செய்த தவறு

சங்கத்தின் அறிவிப்பு வந்ததும் அலமாரியை மேலே தூக்கிவந்து பால்கனியில் போட்டேன். உப்புத்தாள் வாங்கினேன். முண்டாசு கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். பச்சைப் பொடி பறந்தது. அரைமணி நேரம் இருக்கும். கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பேரன் பால்கனி வாசலுக்கு வந்து, தரையில் கையை வைத்து, கையை வாயில் வைத்தான்.

மருமகள் ஓடிவந்து தூக்கினாள். "மாமா, இது எந்தக் காலத்துப் பெயின்ட்? இதுல ஈயம் இருக்குமே!" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் எல்லாம் இந்த அலமாரியிலிருந்து சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம் என்றேன். அவள் பதில் பேசவில்லை. குழந்தையின் கையையும் வாயையும் கழுவிவிட்டு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. முடிவில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அதன்பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

மருமகள் சொன்னது சரி. பழைய பச்சை பெயின்ட் பெரும்பாலும் குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்தது. குரோம் மஞ்சள் என்பதே ஈயச் சேர்மம். சீக்கிரம் காயவும் பளபளக்கவும் வேறு ஈயம் சேர்ப்பார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பெயின்ட்டையும் சந்தேகப்படத்தான் வேண்டும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெயின்ட் அப்படியே இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதைத் தேய்த்துப் பொடியாக்கினால்தான் ஆபத்து. அந்தப் பொடியைத்தான் நான் வீடு முழுக்கப் பறக்கவிட்டேன்.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நெருப்பு காட்டி எரிக்காதீர்கள். பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய பெயின்ட் அடித்துவிடலாம், அதுவே மலிவு. எடுத்தே ஆகவேண்டும் என்றால், பெயின்ட் நீக்கியைத் தடவி, ஊறவைத்து, ஈரமாகவே வழித்தெடுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் விரியுங்கள். கையுறையும் பொடியைத் தடுக்கும் முகக்கவசமும் அவசியம், முண்டாசு போதாது. வழித்ததைப் பையில் கட்டிப் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. நான் மீதி வேலையைச் சங்கத்தின் அனுமதியோடு மொட்டை மாடியில் செய்தேன். அனுமதித்த செயலாளருக்கு நன்றி.

வஜ்ஜிரமும் அரக்கும்

பெயின்ட் போனதும் தேக்கு தெரிந்தது. ஆசாரி ஒருவரை ஒரு நாளைக்கு அழைத்தேன். ஆடிய காலைத் தட்டிப் பார்த்து, "இது வஜ்ஜிரம் போட்ட வேலை சார், கழற்றிச் சேர்க்கலாம்" என்றார். ஃபெவிகால் 1959-ல் வந்தது. அதற்கு முன் தச்சர்கள் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சூடாக்கித் தடவுவார்கள். அந்தப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகும். வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டிவைத்துக் கால் மணி நேரத்தில் மூட்டைக் கழற்றிவிட்டார். அந்தக் காலத்து வேலையைப் பின்னால் வருபவரால் பிரிக்கவும் சேர்க்கவும் முடிந்தது. இன்றைய மரத்தூள் அட்டைப் பலகையில் அது நடக்காது. தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பிவிட்டால் முடிந்தது. அதைப் புதுப்பிக்கப் பணம் செலவழிக்காதீர்கள், போகவிடுங்கள்.

அடுத்து மெருகு. அரக்கு மாளிகைக் கதை நமக்குத் தெரியும். அந்த அரக்குதான் மரச்சாமானுக்கும் மெருகு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் கூட்டமாக வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இன்றும் ஜார்க்கண்டில்தான் மிகுதியாகக் கிடைக்கிறது; 1924-லேயே ராஞ்சி அருகே அதற்கென ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். அதைச் சுத்தம் செய்து தகடாக்கினால் ஷெல்லாக். தாத்தா காலத்து கிராமபோன் தட்டும் அதில் செய்ததுதான். ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் நனைத்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்த்தால் அதுவே பிரெஞ்சு பாலிஷ்.

சமையலறைக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவே பயன்படுவதால், தூய அரக்கு பாத்திரம் வைக்கும் உள்தட்டுகளுக்குப் பாதுகாப்பானது. ஸ்பிரிட் ஆவியானதும் வாசனையும் நிற்காது. ஆனால் சூடும் ஈரமும் ஆகாது. காபி டவராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். பூச்சுக்குள் ஈரம் சிக்கிக்கொண்டதன் அடையாளம் அது. அதனால் உள்ளே அரக்கும், தண்ணீர் படும் மேல்தட்டுக்கு மட்டும் பாலியூரித்தேன் பூச்சும் கொடுத்தேன். ஸ்பிரிட் தீப்பிடிக்கும்; அடுப்பு எரியும்போது அருகில் வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள்.

கணக்கு

உப்புத்தாள் 180, பெயின்ட் நீக்கி 350, முகக்கவசம், கையுறை 190, அரக்கு, ஸ்பிரிட், மேல்பூச்சு 620, துருப்பிடிக்காத வலை 450, கீல், குமிழ் 260, ஆசாரி கூலி 1,100. ஆக மொத்தம் 3,150 ரூபாய். ரத்தப் பரிசோதனைச் செலவை இதில் சேர்க்கவில்லை. அது என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

இப்போது அந்த அலமாரியில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, வாழைப்பழம் வைக்கிறோம். காற்றோட்டம் வேண்டிய இந்தச் சாமான்களுக்கு ஃபிரிட்ஜும் ஆகாது, மூடிய அலமாரியும் ஆகாது; வலை அலமாரிதான் பொருத்தம். நாற்பது வருட ஓய்வுக்குப் பின் அதற்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்காதது அதற்குக் கிடைத்ததில் கொஞ்சம் பொறாமைதான். கீழ்க்கதவைத் திறந்து மூடுவது பேரனுக்கு இப்போது விளையாட்டு. மருமகள் தடுப்பதில்லை.

மாத முடிவுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. எடைக்குப் போடுவதற்கு முன் உங்கள் சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். பெயின்ட் படாத இடத்தில் மரத்தின் ரேகை ஓடுகிறதா, அட்டைத் தூள் உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். மரம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னிடம் மீதி அரக்கும், இரண்டு முகக்கவசமும், நிறைய நேரமும் இருக்கின்றன.